சத்தம் வெளியே வராத வண்டி

சென்ற மாதம் கடையிலிருந்து நிஷா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கார் குஷன் கடையை இப்போது நடத்துகிறவள் அவள்தான்; என் முதலாளி சேக் ராவுத்தரின் மகள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று யாரோ ஒரு பழைய அம்பாசிடரை வாங்கிப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார்கள். கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் ஆன்லைனில் வந்து, நான்கு கதவுக்கும் ஒட்டியாகிவிட்டது. ஆனால் கதவு அடையவில்லை.

"எம்புட்டு ஓங்கி அடைச்சாலும் திரும்பி வருது புஷ்பம்மா. ரப்பர் அளவு தப்பா?"

"ஜன்னல் எல்லாம் ஏத்தியிருக்கா?"

"ஆமா."

"ஒண்ண மட்டும் இறக்கிட்டு அடச்சுப் பாரு."

போனிலேயே சத்தம் கேட்டது. மெத்தென்று அடைந்துவிட்டது. அதெப்படி என்று சிரித்தாள்.

"உள்ள இருக்க காத்து வெளிய போக வழி வேணும்ல" என்றேன்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பை அணைக்காமல் நின்றிருந்தேன். செண்பகத்தோப்பு பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் தகரக் கொட்டகைக்குள் நின்ற வண்டியைப் பற்றி இதுவரை என் மகளிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன். எழுதி வையுங்கள் என்று அவள்தான் சொன்னாள். எழுதுகிறேன்.

என் பெயர் மரியபுஷ்பம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த அந்தக் கடைக்கு நான் சீட் உறை தைக்கத்தான் போனேன். அதற்கு முன் பேண்டேஜ் துணி மடிக்கும் வேலை. கடையில் பீடிங் ஒட்டிக்கொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். புது ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் சேக் ராவுத்தர் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்று நான் தைப்பதைப் பார்த்துவிட்டு, "துணிய இழுக்காமத் தைக்கிற. ரப்பரையும் இழுக்கப்படாது. வா" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம்.

பீடிங் வேலையில் பசை ஒட்டுவது கடைசியில் வருவது. முதலில் பழைய ரப்பரை உரிக்க வேண்டும். அது பாதி கல்லாகவும் பாதி களியாகவும் ஆகியிருக்கும். மழுங்கிய தகட்டால் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்துக் காயவைக்க வேண்டும். பிறகு பசை இல்லாமல் புது ரப்பரை ஒரு சுற்றுப் பொருத்திப் பார்க்க வேண்டும். ரப்பரின் இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம்தான் வர வேண்டும். மேலே வந்தால் மழைத்தண்ணீர் அந்த இணைப்பைத் தேடிக்கொண்டு வரும். மூலைகளில் தாராளமாக விட வேண்டும். கொஞ்சம் இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். நாளாக ஆகச் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். பசையை இரண்டு பக்கமும் மெல்லத் தடவி, விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பாய்க்கு மிகவும் பிடிக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடப்பார். யாரும் பேசக்கூடாது.

ஒட்டி முடித்ததும் அவருடைய சோதனைகள். கதவு விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து அடைத்துத் திறப்பார். ரப்பரில் கோடு விடாமல் விழுந்திருக்க வேண்டும். செய்தித்தாள் துண்டை இடையில் வைத்து அடைத்து இழுப்பார், உருவிக்கொண்டு வரக்கூடாது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து வெளியே ஹோஸால் தண்ணீர் அடிப்பார். கடைசியில் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு சின்ன ரேடியோவைப் பாடவிட்டுப் பின்சீட்டில் வைத்து, எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெளியே நிற்பார். பாட்டு எந்த மூலையிலிருந்து கசிகிறதோ அந்த மூலையை விரலால் காட்டி "இங்க" என்பார். வேறு ஒரு வார்த்தை வராது. கசியாவிட்டால் கண்ணைத் திறந்து தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக நான் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

பழைய ரப்பருக்கு அடியில் என்னென்னவோ கிடக்கும். குழந்தையின் கம்மல், ஊக்கு, சோளம், ஒரு வண்டியில் முழுசாக ஒரு பாம்புச்சட்டை. பாய்க்கு ஒரு கொள்கை உண்டு. கிடைத்ததை எடுத்து டாஷ்போர்டில் வை, கதை கேட்காதே. "வண்டியப் பாரு. வீட்டப் பாக்காத" என்பார்.

ஒருமுறை அமரர் ஊர்தி ஒன்று வந்தது. பின்கதவு வழியாக மழை உள்ளே போகிறது என்றார்கள். ஒட்டி முடித்துவிட்டோம், தண்ணீர்ச் சோதனைக்கு உள்ளே போய் உட்கார கடையில் ஒருவரும் தயாரில்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினேன். கதவை அடைத்ததும் ஊர்ச் சத்தம் முழுவதும் யாரோ துடைத்து எடுத்தாற்போல் போய்விட்டது. தகரத்தில் தண்ணீர் விழுவது எங்கோ தூரத்தில் கேட்டது. என் மூச்சு என் காதுக்குள்ளேயே வந்து போனது. பாடை வைக்கும் அந்த நீளப் பலகையைப் பார்க்காமல் கதவு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும் பாய் கேட்டார்: "தண்ணி?"

"வரல பாய்."

"வேற?"

"வேற எதுவும் பாக்கல."

அன்றுதான் முதல்முறையாக எனக்கும் ஒரு தலையாட்டல் கிடைத்தது.

அழகர்சாமி என்பவர் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. பருத்தித் தரகு செய்து ஓய்ந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மாந்தோப்பும் அதற்குள் வீடும் இருந்தன. அறுபது வயதிருக்கும். சுத்தமான வெள்ளைச் சட்டை, சவரம் செய்யாத முகம். அவர் கொண்டு வந்தது கல்யாணம் ஆன புதிதில் வாங்கியதாம்; வெண்ணெய் நிற அம்பாசிடர். நான்கு கதவுக்கும் பீடிங் மாற்ற வேண்டும் என்றார்.

"தூசி உள்ள போகுதா?" என்று பாய் கேட்டார்.

"தூசியும்தான். சத்தம் வரப்படாது."

"ரோட்டுச் சத்தமா?"

"சத்தமே வரப்படாது பாய்" என்றார்.

மூன்று கதவுகளின் ரப்பர் வயதுக்கேற்றபடி வெடித்திருந்தது. பின்பக்கம் இடதுகதவில் மட்டும் வேறு மாதிரி. உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நார்நாராகப் பிய்ந்து கிடந்தது. வெளியிலிருந்து பிய்த்த மாதிரி இல்லை, உள்பக்கத்தில்தான் அவ்வளவும்.

"நாய்" என்றார் அழகர்சாமி, நான் கேட்பதற்கு முன்பே. "வீட்டுல நாய் வளக்கேன்."

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ராஜபாளையத்து வெள்ளை நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். நான் உரித்தேன், சுரண்டினேன், ஒட்டினேன். ரேடியோவை உள்ளே வைத்து அடைத்தபோது பாய் கண்ணை மூடினார். ஒரு மூலையிலும் கசிவில்லை. வழக்கமாக வண்டிக்காரர்கள் இந்தச் சோதனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அழகர்சாமி சிரிக்கவில்லை. கண்ணாடி ஓரத்தில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ரேடியோவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குப் போய், பின்னால் டிக்கியிலும் காதை வைத்துப் பார்த்தார்.

"போதும்" என்றார். அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷம் இல்லை. தூங்கி வெகுநாள் ஆன ஒருவர் கட்டிலைப் பார்க்கும் பார்வை அது.

மழைக்காலம் முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. அதே கதவு, அதே உயரம். புது ரப்பர் கொத்துக்கொத்தாகப் பிய்ந்திருந்தது.

"நாய்தான்" என்றார், வண்டியைவிட்டு இறங்குவதற்கு முன்பே. சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போய்விட்டார்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்து மிச்சத்தை உரித்தேன். நாய் ஏறிய வண்டியில் முடி இருக்கும். சீட் இடுக்கில் விரலைவிட்டுத் தடவினால் கொத்தாக வரும். உறை தைத்த எனக்கு அது தெரியும். இதில் ஒரு முடி இல்லை. நாற்றமும் இல்லை. ரப்பர் உட்காரும் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. துரு என்று நினைத்து விரலால் எடுத்தேன். துரு சொரசொரவென்று இருக்கும். இது மாவாக இருந்தது. முகர்ந்தேன்.

குங்குமம்.

பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியைச் சாய்த்த எண்ணெய்த் தடம் ஒன்று அதில் இருந்தது. ஒரே இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்த தடம். பிய்ந்த ரப்பரின் அடியில் நீளமாக ஒரு நரைமுடி சிக்கியிருந்தது. உள்பக்கக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளைதான் இருந்தது. ஜன்னல் சுற்றும் கைப்பிடியும் இல்லை. பின்கதவு இரண்டிலும் இல்லை. முதல் தடவையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அவை உடைந்து போயிருப்பது சாதாரணம், அதனால் கண்ணில் படவில்லை.

பாயைக் கூப்பிட்டேன். முடியையும் விரலில் இருந்த சிவப்பையும் காட்டினேன். "வண்டியப் பாரு" என்று எப்போதும்போல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பின்சீட்டில் ஏறி, "அடை" என்றார். அடைத்தேன். கண்ணாடிக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெயில் நேரம். கொஞ்ச நேரத்தில் அவர் தாடியிலிருந்து வேர்வை சொட்டுவது தெரிந்தது. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். திறந்தேன்.

"இடது பக்கம் மட்டும்தான் போயிருக்கு. மத்த கதவு நாம ஒட்டுன மாதிரியே இருக்கு" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இதுக்கு ரப்பர் போடும்போது அடியில ஒரு சாண் விட்டுரு. மத்த மூணுலயும் அடியில அதே மாதிரி வெட்டி எடுத்துரு. பாத்தா தெரியாத மாதிரி துணி வச்சு மூடு" என்றார்.

செய்தித்தாள் துண்டு உருவிக்கொண்டு வந்தால் வேலையையே திரும்பச் செய்யச் சொல்கிற மனிதர். என் கையால் நான்கு கதவிலும் ஓட்டை விட்டேன். அழகர்சாமிக்கு இரண்டு தடவை போன் செய்து, "வீட்டுல யாரெல்லாம் இருக்கீக?" என்று பாய் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னாரோ, பாயின் முகம் மாறவில்லை. வண்டி போய்விட்டது.

அடுத்த வாரமே அழைப்பு வந்தது. பாய் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"அதான் பாய், சத்தம்."

"வண்டி ஓடுறப்ப வருதா, நிக்கிறப்ப வருதா?"

"நிக்கிறப்ப."

பாய் என்னைப் பார்த்தார். போனில், "கொண்டு வர வேணாம். நாங்களே வாரோம்" என்றார். நாளைக்கு வாருங்கள், இன்றைக்கு நான் மருந்து வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாய் போனை வைத்துவிட்டார்.

"நிக்கிற வண்டியில என்ன சத்தம் வரும் புஷ்பம்?" என்று கேட்டுக்கொண்டே வேன் சாவியை எடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேற்கே திரும்பியதும் வீடுகள் குறைந்து, மரங்கள் நெருங்கி, மலை முன்னால் வந்து நின்றது. உச்சி வெயில். தோப்பின் கம்பிக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மாமரங்களுக்குக் கீழே ஒரு இலை அசையவில்லை. வீடு பூட்டியிருந்தது. நாய் குரைக்கும் என்று எதிர்பார்த்தேன். நாயே இல்லை. நாய்க்கூடும் இல்லை, நாய்க்குச் சோறு வைக்கும் சட்டியும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதன் ஒரு பக்கம் திறப்பு, மறுபக்கம் இருட்டுச் சுவர். சுவரை ஒட்டி வண்டி நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

பின்சீட்டில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமம், மடியில் ஒயர்கூடை. ஊருக்குப் புறப்பட்டவள் மாதிரி. நாங்கள் வந்ததை அவள் பார்க்கவில்லை. இடதுபக்கக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். உதடு ஓயாமல் அசைந்தது. வலதுகை நகம் ரப்பரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நான் வண்டிக்கு அருகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடியில் விட்ட ஓட்டையில் குனிந்து காதை வைத்தபோதுதான், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "இருடி, இருடி, தொறந்துருவாக" என்று கேட்டது.

அந்த நொடியில் என் கைகளை எனக்கே பிடிக்கவில்லை.

எல்லாக் கதவும் பூட்டியிருந்தன. பாய் முன்கதவின் சின்ன முக்கோணக் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி ஒரு திருகு திருகினார். அது திறந்துகொண்டது. கையை உள்ளே விட்டு முன்கதவைத் திறந்து, உள்ளே சாய்ந்து பின்கதவுப் பூட்டையும் எடுத்தார். வலதுபக்கப் பின்கதவைத் திறந்ததும் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஆவி என் முகத்தில் அடித்தது. அந்த அம்மாளின் சேலை முழுக்க நனைந்திருந்தது. மல்லிகை கருகியிருந்தது.

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"புதுப்பட்டி வந்திருச்சா?"

"எறங்குங்கம்மா. செத்த நேரம் காத்தாட உக்காருங்க" என்றேன்.

"நான் அப்பறம் எறங்குதேன். மொதல்ல அவளுக்குக் கதவத் தொறந்து விடுங்க. வெளிய நிக்கா பாருங்க, பாவம். நித்தமும் வாரா. உள்ள வரணும்னு சொரண்டுதா. நானும் இந்தப் பக்கமிருந்து சொரண்டுதேன். தொறக்க மாட்டேங்குது."

இடதுபக்கம் கையைக் காட்டினாள். வண்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடமில்லை. நான் குனிந்து அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இருட்டுச் சுவரின் முன்னால், கண்ணாடியில், பட்டுச்சேலையும் பெரிய குங்குமமுமாக ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் பக்கமிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தாள். அந்த அம்மாள் கை தூக்கினாள், அவளும் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் என் முகமும் இருந்தது. ஒரு நிமிஷம் அது என் முகம் என்று எனக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேரு நிக்காக இன்னைக்கு" என்றாள் அந்த அம்மாள், ஆச்சரியமாக.

நான் அவள் கையைப் பிடித்து இறக்கி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். வேனிலிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். குழந்தை மாதிரி மடக்மடக்கென்று குடித்தாள். நகக்கண் எல்லாம் கறுப்பு ரப்பர். பெயர் கேட்டேன், சகுந்தலா என்றாள். ஊர் கேட்டேன், வ. புதுப்பட்டி என்றாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, "வேலைக்குப் போயிருக்காக" என்றாள்.

அழகர்சாமி மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் மருந்துப் பை. திறந்து கிடந்த வண்டியையும் மரத்தடியையும் பார்த்தார். பை கையிலிருந்து விழவில்லை, சத்தம் போடவில்லை. பையை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டினார்.

"நாய்னு சொன்னீக" என்றார் பாய்.

"மறந்து போச்சு பாய் அவளுக்கு. எல்லாம். மூணு வருஷமா." என்றார். "ரெண்டு தடவ காட்டுக்குள்ள போயிட்டா. யானை எறங்குற தடம் அது. பாரஸ்ட்டுக்காரவகதான் தேடிக் கொண்டாந்தாக. வீட்டுக்குள்ள அடச்சா முட்டுதா, மண்டைய ஒடச்சுக்கிடுதா. இந்த வண்டில உக்காத்துனா மட்டும்தான் சும்மா இருக்கா. அம்மா வீட்டுக்குப் போறதா நெனப்பு. அவளே சீவிச் சிங்காரிச்சுப் புறப்பட்டு வந்து ஏறிக்கிடுதா. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள நான் தண்ணி பாய்ச்சணும், சோறு பொங்கணும், செத்த நேரம் கண்ண மூடணும்."

"சத்தம்?"

"பேசிக்கிட்டே இருக்கா பாய். யாரோ நிக்கிறதா. நாள் பூரா. கேக்க முடியல என்னால."

பாய் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க" என்றார்.

"எதுக்கு?"

"சத்தம் வருதுன்னு சொன்னீகள்ல. பாத்துருவோம். ஏறுங்க."

எப்போதும் வண்டிக்காரர்களிடம் பேசும் அதே குரல்தான். அழகர்சாமி ஏறி, மனைவி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். பாய் கதவை அடைத்தார். முக்கோணக் கண்ணாடியையும் சாத்தினார். அடியில் நான் விட்டிருந்த ஓட்டைகளைத் தன் மேல்துண்டாலும் கடையிலிருந்து கொண்டு வந்த துணியாலும் பொத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெளியே நின்றார். நாங்கள் காத்திருந்தோம்.

அழகர்சாமி முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இடதுபக்கம் திரும்பினார். எதைப் பார்த்தாரோ தெரியாது. சட்டென்று பின்னுக்கு நகர்ந்தார். வாய் திறந்து மூடியது. கைப்பிடி இருந்த துளையில் விரலை விட்டார். கண்ணாடியில் அறைந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மரத்தடியிலிருந்து சகுந்தலாம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கண்ணாடிக்குள் கையை ஆட்டும் மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவரு எங்க போறாரு?" என்று என்னைக் கேட்டாள்.

பாய் கண்ணைத் திறந்து கதவைத் திறந்தார். அழகர்சாமி தரையில் காலை வைத்து உட்கார்ந்தபடியே அழுதார். நான் ஆண்கள் அழுது பார்த்திருக்கிறேன். அப்படி மூச்சுக்கு அலைந்துகொண்டு அழுது பார்த்ததில்லை.

"உரி" என்றார் பாய் என்னிடம். "நாலு கதவும்."

நன்றாகப் பிடித்த ரப்பரை உரிப்பது லேசில்லை. ஒவ்வொரு அடியாக, காயத்துக் கட்டுப் பிரிக்கிற சத்தத்தோடு வந்தது. என் வாழ்நாளில் ஒட்டியதிலேயே நல்ல வேலை அது. சுருட்டி வேனில் போட்டேன். பாய் பின்கதவுகள் அடைய மட்டும் செய்யும்படி விட்டு, பூட்டுகள் இரண்டையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அழகர்சாமியிடம் மதுரையில் இருக்கும் அவர் மகளின் நம்பரை வாங்கி, அவர் முன்னாலேயே போன் போட்டார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நீங்க இன்னைக்கே வரணும்மா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். மகளுடைய பஸ் வரும்வரை நாங்கள் அங்கிருந்து போகவில்லை.

மகள் வந்து கத்தினாள், அழுதாள், அப்பாவோடு பல நாள் பேசாமல் இருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மதுரையில் வைத்தியம் பார்த்தார்கள். பகல் முழுக்கக் கூட இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். தோப்புக்குக் கம்பிவேலி போட்டார்கள். ஆனால் சகுந்தலாம்மாவுக்கு மத்தியானமானால் வண்டிதான். கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி மாமரத்தடியில் நிறுத்தி, நான்கு கதவையும் விரியத் திறந்துவைத்து, பக்கத்தில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்துகொள்வாளாம். கதவு திறந்தே இருந்ததால் கண்ணாடிக்காரி வருவதில்லை. எங்கே அவள் என்று கேட்டதற்கு, "அவ அவ வீட்டுக்குப் போயிட்டா" என்றாளாம்.

பாய் அதற்குப் பிறகு ரேடியோவை எடுக்கவே இல்லை. சாக்பீஸ், காகிதம், தண்ணீர் மட்டும்தான். காரணம் கேட்டவர்களிடம் பேட்டரி போயிருச்சு என்பார்.

தை மாதம் ஒருநாள் காலையில் அந்த வெண்ணெய் நிற வண்டி கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தது அழகர்சாமி. பின்சீட்டில் சகுந்தலாம்மா, அதே பட்டுச்சேலை, அதே ஒயர்கூடை. அவர் இறங்கி வந்து பாயிடம் தயங்கித் தயங்கி, "நெசமாவே ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருவோம்னு பாக்கேன். அந்தப் பொண்ணு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கு. புஷ்பத்த செத்த நேரம் அனுப்புவீகளா?" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் ஏறிக்கொண்டேன்.

பீடிங் இல்லாத வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். நான்கு கதவும் தட்டுத்தட்டென்று அடித்தன. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் செம்மண் உள்ளே வந்து எங்கள் மடியில் படிந்தது. லாரி ஹார்ன், டிராக்டர், ரோட்டோரம் பேசுகிறவர்கள், எல்லாச் சத்தமும் எங்களோடு வந்தது. பின்கதவுகளுக்குக் கைப்பிடிகள் புதிதாகப் போட்டிருந்தார்கள்; சகுந்தலாம்மா கண்ணாடியை இறக்கச் சொல்லி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். வத்திராயிருப்பு வயல்கள் பச்சையாக ஓடின.

வ. புதுப்பட்டியில் அவளுடைய அம்மா வீடு இருந்தது. வேறு யாரோ குடியிருந்தார்கள், ஆனால் அதே வீடு, அதே நீலக் கதவு. அவர் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார்.

"வந்தாச்சு. எறங்கு" என்றார்.

அவள் இறங்கவில்லை. வீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கோலத்தின் மீது தண்ணீர் படாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். சகுந்தலாம்மா அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். பிறகு கூடையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, கதவைப் பிடித்து நின்றவரிடம் சொன்னாள்:

"பாத்தாச்சு டிரைவர். வண்டியத் திருப்புங்க. நேரமாச்சுன்னா எங்க வீட்டுக்காரவுக தேடுவாக. பாவம், தனியா இருப்பாக."

அழகர்சாமி என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கம்மா" என்றார். கதவை மெல்லச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.